பழுது பெட்டியிலா, பாடத்திலா?

ஒலித்துக்கொண்டிருந்த பாட்டுப்பெட்டி திடீரென்று ஊமையாகிவிட்டால் வீட்டார் முதலில் என்ன செய்கின்றனர்? பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கின்றனர். தட்டியும் பாடாவிட்டால், அடுத்த சம்பள நாளில் புதியதொன்று வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர். தட்டுவதற்கும் வாங்குவதற்கும் இடையே செய்யத்தக்கது ஏதேனும் உண்டா என்னும் வினா அங்கே எழுவதே இல்லை. மின்சுற்றைப் பற்றித் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை அதே வீட்டில் இருக்கிறான். அவனும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறான். இந்தக் காட்சிதான் இங்கு ஆராய்தற்குரியது. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்னும் ஒலிபெருக்கும் கருவி ஒன்று பழுதாவது சிறிய செய்தி. அதன்முன் ஒரு சமுதாயம் கைகட்டி நிற்பது சிறிய செய்தியன்று.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்கு இது முழுதும் பொருந்தும். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் சென்று கண்ட அந்த மேட்டுநிலத்தில், 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளிகள் அச்சரிவுகளைப் பசுமையாக்கினர். அவர்தம் பிள்ளைகளுக்காக ரிங்லெட், தானா ராத்தா முதலிய ஊர்களிலும், போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. இன்று அத்தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. எஞ்சியுள்ள குடும்பங்களில், தந்தையோ பாட்டனாரோ சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய ஸ்டீரியோ செட் கூடத்து அலமாரியில் இன்னும் வீற்றிருப்பதுண்டு.

அப்பெட்டி வெறும் ஆடம்பரப் பொருள் என்று நகரத்தார் நினைக்கலாம். பிற்பகலிலேயே பனிமூட்டம் இறங்கி, இருட்டுமுன் கதவடைத்துக் கொள்ளும் மலைச்சரிவில், அதுவே திரையரங்காகவும் கச்சேரி மேடையாகவும் விளங்கியது. மலேசிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பு அதன் வழியாகவே வீட்டுக்குள் நுழைந்தது. தீபாவளிக் காலைக்கும், திருமணத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும் அதன் குரல் வேண்டியிருந்தது. மறைந்த பெரியவர் ஒருவரின் குரல் பதிந்த ஒலிநாடா வீட்டில் இருந்தால், அக்குரலைத் திரும்பக் கேட்பதற்கும் அதுதான் வழி. எனவே அது ஊமையாகும்போது அக்குடும்பம் இழப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று.

அந்நிலையில் குடும்பத்தின்முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பெட்டியை மூட்டையாகக் கட்டிக் கொண்டு தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்குவது. வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் எட்டுப் பத்துக் கிலோ எடையுள்ள பெட்டியைச் சுமந்து போய்வர ஒரு நாள் ஆகும். 2025ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்தில் ஆறு நாள் உழைப்பவருக்கு ஒரு நாட்கூலி ஏறத்தாழ 65 வெள்ளி. ஆகவே கடையின் வாசலை மிதிக்கும் முன்னரே 65 வெள்ளியும் பேருந்துக் கட்டணமும் போய்விடுகின்றன. திரும்பப் பெற இன்னொரு நாள் வேண்டும். இரண்டாவது வழி, தவணைமுறையில் புதியதை வாங்குவது. 900 வெள்ளிப் பெட்டியை மாதம் 50 வெள்ளியாக இருபத்துநான்கு மாதம் செலுத்துவதாகக் கொள்க. கட்டி முடிக்கும்போது தொகை 1,200 ஆகிறது. முந்நூறு வெள்ளி எதற்குப் போயிற்று என்று கேட்டால், பொறுமையின்மைக்குப் போயிற்று என்றுதான் கூறவேண்டும். மூன்றாவது வழி, பழுது எங்கே உள்ளது என்று முதலில் அறிவது. அவ்வழிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அவ்வழியில் நடப்போரும் மிகக் குறைவு.

"பழுதுபார்ப்பது பழங்காலத்து வேலை, இக்காலப் பொருள்களைத் தூக்கியெறிவதே இலாபம்" என்று வாதிடுவோர் உளர். அவர்கள் ஓர் ஆம்ப்ளிஃபயரின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர். அதனுள் மூன்று பகுதிகள் உண்டு. மின்வாரியம் தரும் 240 வோல்ட் அளவிலான மின்சாரத்தைக் குறைத்து, ஒரே திசையில் பாயும்படி மாற்றித் தருவது முதற்பகுதி. வானொலியிலிருந்தோ ஒலிநாடாவிலிருந்தோ வரும் மெல்லிய குறியலையை ஏற்று, ஒலியளவையும் தொனியையும் சீர்செய்வது இரண்டாம் பகுதி. அவ்வலைக்கு வலிமையூட்டி ஸ்பீக்கரை அசைப்பது மூன்றாம் பகுதி. இம்மூன்றும் ஒரே நேரத்தில் கெடுவது அரிது. பெரும்பாலும் கெடுவது ஓர் உறுப்பு; அதுவும் சில வெள்ளி விலையுள்ள உறுப்பு. அதற்காகப் பெட்டி முழுவதையும் எறிவது, பொத்தான் அறுந்ததற்காகச் சட்டையை எறிவதற்கு ஒப்பாகும்.

பழுதுகளும் எண்ணற்றவை அல்ல. பெட்டியைத் திறவாமலே அறியத்தக்கவை முதலில் உள்ளன. ஒரு பக்கம் மட்டும் ஒலி வரவில்லையாயின், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின்புறம் செருகியுள்ள இடது வலது கம்பிகளை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகிப் பார்க்கவேண்டும். ஊமைப் பக்கமும் இடம் மாறினால் குற்றம் வானொலியிலோ ஒலிநாடாக் கருவியிலோ கம்பியிலோ இருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் குற்றமற்றது. இடம் மாறாவிட்டால் ஸ்பீக்கர் கம்பிகளை அவ்வாறே மாற்றிப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் இச்சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, பட்டயமும் தேவையில்லை. இச்சோதனையைச் செய்யாமலே நல்ல பெட்டியைச் சுமந்து மலையிறங்குவோர் உண்டு.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்று இரைந்தால், அக்குமிழுக்குள் தூசும் ஈரமும் படிந்துள்ளன என்பது பொருள். மலைநாட்டின் ஈரக்காற்று உலோகத் தொடுமுனைகளை விரைவில் மாசாக்கும். அதற்கென விற்கும் துப்புரவு நீர்மத்தைத் தெளித்து, குமிழைப் பலமுறை திருப்பினால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். பாட்டுக்கு அடியில் வண்டு முரல்வதுபோல் ஓயாத ரீங்காரம் கேட்டால், மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர், உலர்ந்துபோயிருக்கலாம். அதனுள் அலுமினியத் தகடுகளுக்கு இடையே நீர்மம் ஊறிய காகிதம் உள்ளது. வெப்பம் மிகுந்தால் அந்நீர்மம் உலர்கிறது. வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது தொழில்நுட்பர் கணக்கு. ஆயினும் எத்தனை வீடுகளில் ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் பூவேலை செய்த துணி விரிக்கப்பட்டு, அதன்மேல் பூச்சாடியும் வைக்கப்படுகிறது! காற்றுப் புழையை அடைத்துவிட்டுக் கருவியைக் குறை கூறுவது எவ்வகையில் நியாயமாகும்? மூச்சுத் திணறிச் செத்த பெட்டிக்குத் 'தரமற்ற பொருள்' என்னும் பழி வேறு.

பெட்டி அறவே இயங்காவிட்டால் முதலில் நோக்கவேண்டியது ஃபியூஸ். அஃது எரிந்திருந்தால் அதே அளவுள்ள வேறொன்றைப் பொருத்தவேண்டும். மீண்டும் எரிந்தால் உள்ளே பெரும்பழுது உள்ளது என்று அஃது எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை மதியாமல், வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகும் 'கெட்டிக்காரத்தனம்' வீட்டையே எரிக்க வல்லது. வலிமையூட்டும் டிரான்சிஸ்டர்கள் கருகுவதே அப்பெரும்பழுது. அதற்கு அடிக்கடி காரணமாவது மனிதனின் பிழை. திருமண நாளில் ஒலி போதாது என்று உறவினர் வீட்டு ஸ்பீக்கர்களையும் கொணர்ந்து ஒரே முனையில் சேர்த்துக் கட்டுகின்றனர். எட்டு ஓம் தடையுள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் இணையாகச் சேர்ந்தால் தடை நான்கு ஓம். நான்கு சேர்ந்தால் இரண்டு ஓம். தடை குறையக் குறையப் பாயும் மின்னோட்டம் பெருகும். தாங்கும் எல்லை தாண்டியதும் டிரான்சிஸ்டர் உயிர்விடும். இஃது இணை மின்சுற்றுக் கணக்கேயன்றி வேறன்று. அக்கணக்கை ஏட்டில் சரியாகச் செய்த மாணவனே திருமண வீட்டில் நான்காவது ஸ்பீக்கரைக் கட்டிக் கொடுக்கிறான்!

எல்லாவற்றையும் செப்பனிட வேண்டும் என்பது இங்கே வாதமன்று. மின்மாற்றி முழுதும் எரிந்துவிட்டாலோ, இடி தாக்கி அச்சிட்ட மின்சுற்றுப் பலகையே கருகிவிட்டாலோ, உறுப்புகளின் உற்பத்தி நின்று போலிகளே சந்தையில் கிடைத்தாலோ, விடைகொடுப்பதே அறிவுடைமை. செப்பனிடும் செலவு, அதே தரமுள்ள பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றி வாங்கலாம் என்பது நடைமுறைக்கு ஏற்ற அளவுகோல். அப்போதும் ஸ்பீக்கரும் பிற கருவிகளும் நலமாக இருந்தால், ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றினால் போதும். செட் முழுவதையும் மாற்றுமாறு கடைக்காரர் கூறுவதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை. எறிவதா, சீர்செய்வதா என்று முடிவு செய்யும் உரிமை பழுதை அறிந்தவனுக்கே உண்டு. அறியாதவனுக்காகப் பிறர் முடிவு செய்கின்றனர்.

அப்பிறரின் நடத்தையும் கண்டிக்கத்தக்கதே. பழைய வால்வு வானொலிகள் பலவற்றின் உட்புறத்தில் மின்சுற்று வரைபடம் ஒட்டப்பட்டிருந்தது. பொருளை விற்றவன் அதன் உள்ளமைப்பையும் வாங்கியவனிடம் ஒப்படைத்தான். இன்று வரைபடங்கள் பல மறைக்கப்படுகின்றன. உறுப்புகள் தனியே விற்கப்படுவதில்லை. பெட்டிகள் திறக்க முடியாதபடி ஒட்டப்படுகின்றன. விற்பனைக்காக ஆயுளைக் குறைக்கும் சூழ்ச்சி புதியதன்று. 1924இல் ஜெனீவாவில் கூடிய மின்விளக்கு உற்பத்தியாளர்கள் ஃபீபஸ் என்னும் கூட்டமைப்பை உருவாக்கி, விளக்கின் ஆயுளை ஆயிரம் மணி நேரமாகக் குறைத்தது வரலாறு. இதற்கு எதிராக 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஆணை பிறப்பித்தது. அஃது சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி முதலிய குறிப்பிட்ட பொருள்களுக்கே உரியது. ஆம்ப்ளிஃபயர் அப்பட்டியலில் இல்லை. மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பழுதுபார்க்கும் வசதியும் மாற்று உறுப்புகளும் நியாயமான காலம்வரை கிடைக்கச் செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகிறது. அவ்வசதி இல்லையென விற்கும்போதே அறிவித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளவும் அச்சட்டத்தில் இடமுண்டு. வழக்கறிஞர் இன்றி முறையிடத்தக்க நடுவர் மன்றமும் அச்சட்டத்தின்கீழ் இயங்குகிறது. 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் இத்தகைய உரிமைகளை நெடுங்காலம் முழங்கி வந்தது. ஆயினும் உரிமையை நாட, முதலில் பழுதுக்குப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். "பெட்டி பாடவில்லை" என்று மட்டும் கூறத் தெரிந்தவனுக்குச் சட்டம் என்ன உதவி செய்ய இயலும்?

இங்கேதான் குற்றச்சாட்டு பள்ளியின் வாயிலில் வந்து நிற்கிறது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் என்ற கொள்கை மலேசியப் பள்ளிகளுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் தமிழிலேயே இருக்கவேண்டும் என்று தமிழ்ச் சமுதாயம் குரலெழுப்பியது. 2009இல் அக்கொள்கையைக் கைவிடுவதென அரசு முடிவு செய்தது. பின்னர் 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோதும் அதே குரல் மீண்டும் எழுந்தது. அக்குரல் நியாயமானது, அதில் ஐயமில்லை. ஆனால் அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் உரிமைக்காக நின்றவர்கள், கற்ற அறிவியல் எங்கே பயன்பட்டது என்று கேட்கவும் கடமைப்பட்டவர்கள். 'மின்தடை' என்னும் சொல் விடைத்தாளில் பிறந்து விடைத்தாளிலேயே இறந்தால், அச்சொல்லைக் காத்ததனால் என்ன பயன்? பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, நான்கு ஸ்பீக்கர் கட்டாதீர்கள், தடை குறைந்துவிடும்" என்று சொல்லும் நாளில்தான் அச்சொல் உயிர் பெறும். அறிவியலுக்குத் தமிழ் போதாது என்போருக்குத் தக்க மறுமொழியும் அதுவே.

தமிழாசிரியர் சிலர், "இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதே தமிழாசிரியர் கடமை, பற்றாசு வைப்பது பட்டறைக்காரன் வேலை" என்று விலகக்கூடும். அவர்கள் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை எவ்வாறு நடத்துகின்றனர்? நோய் இன்னதென்று தேர்ந்து, அதன் காரணத்தைத் தேடி, தீர்க்கும் வழியை ஆய்ந்து, பிறகே செயற்படுமாறு வள்ளுவர் அங்கே நெறி வகுத்துள்ளார். இடது வலது கம்பிகளை மாற்றிப் பார்க்கும் சோதனை அந்நெறியின் நேர்ப் பிள்ளை. காரணத்தைத் தேடாமல் பெட்டியைத் தட்டுவதும், காரணத்தைத் தேடாமல் புதிய பெட்டி வாங்குவதும் அந்நெறிக்குப் புறம்பானவை. குறளுக்குப் பதவுரை சொல்லத் தெரிந்த மாணவன் பழுதுக்குக் காரணம் தேடத் தெரியாதவனாக வளர்ந்தால், குறளே அவனுக்குப் புரியவில்லை என்பதுதான் உண்மை. கையால் செய்யும் தொழிலை அறிவுக்குக் கீழாக எண்ணும் மனப்பான்மையும் இவ்விலகலுக்குள் ஒளிந்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மீண்டும் பூட்டியே பொறியியலின் அரிச்சுவடியைக் கற்றார். பின்னாளில் அவர் தொழிற்கல்வி நிலையங்கள் காண முன்வந்ததற்கு வித்து அப்பிரித்த வண்டியில் இருந்தது.

"ஏழைத் தோட்டப்பள்ளியால் என்ன செய்ய இயலும்?" என்னும் தடையும் எழுப்பப்படலாம். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் இத்தகைய ஏளனம் இல்லாமலில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட அந்நாளில், பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். தோட்டத்தை வாங்கிய சமுதாயத்தால் ஒரு பற்றாசுக் கோலும் ஒரு மல்டிமீட்டரும் வாங்க இயலாதா? பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் ஒரு கருவிப் பெட்டி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தொழில் தெரிந்த ஒருவரின் மேற்பார்வை. பள்ளிக் கூடத்தில் ஒரு மேசையைச் சுற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் அமர இவை போதும். 2009இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டின் போஸ்ட்மா என்னும் பெண்மணி தொடங்கிய பழுதுபார்க்கும் கூடம் இவ்வளவில்தான் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. மலையிறங்கி ஒவ்வொருவரும் ஒரு நாட்கூலியை இழப்பதற்குப் பதிலாக, மாதம் ஒருமுறை தொழில்நுட்பர் ஒருவர் மலையேறி வந்தால் அவருக்கும் வருவாய், தோட்டத்தாருக்கும் சேமிப்பு.

அம்மேசையில் எல்லை ஒன்று திட்டமாக வகுக்கப்படல் வேண்டும். மூடியைத் திறக்காமல் செய்யும் சோதனைகள் யாவும் மாணவருக்கு உரியவை. மூடியைத் திறப்பது பயின்றவரின் உரிமை. மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் பெரிய மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதனை முறைப்படி இறக்கிய பின்னரே கைவைக்க வேண்டும். செப்பனிட்ட பெட்டியை நேரே மின்சாரத்தில் மாட்டாமல், இடையே தொடராக ஒரு குண்டு பல்பை இணைத்துச் சோதிப்பது பட்டறை வழக்கம். பல்பு முழு வெளிச்சத்துடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே பழுது தீரவில்லை. தொடர் மின்சுற்றுப் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த விளக்கப்படம் எந்தப் புத்தகத்தில் உள்ளது? இடி மின்னல் மிகுந்த நாடாகையால், மழை கறுக்கும்போது மின்செருகியையும் ஏரியல் கம்பியையும் பிடுங்கி வைக்கும் பழக்கத்தையும் அம்மேசையிலிருந்தே பரப்பலாம்.

தமிழாசிரியருக்கு அம்மேசையில் தனிப்பணி உண்டு. பட்டறைத் தமிழும் பாடநூல் தமிழும் இன்று ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன. பட்டறையில் கெப்பாசிட்டர், நூலில் மின்தேக்கி. பட்டறையில் ரெசிஸ்டர், நூலில் மின்தடையம். இரண்டும் ஒரே பொருள் என்பதை மாணவன் கையில் அப்பொருளையே கொடுத்து உணர்த்த வல்லவர் ஆசிரியர். செப்பனிட்ட ஒவ்வொரு பெட்டிக்கும், "குறை யாது, காரணம் யாது, தீர்த்த முறை யாது, செலவு எவ்வளவு" என்று நான்கு வரி தமிழில் எழுதி வைக்கும் பதிவேடு ஒன்று பள்ளியில் இருக்கட்டும். சில ஆண்டுகளில் அப்பதிவேடே மலைநாட்டுக்குரிய தமிழ்த் தொழில்நுட்ப நூலாகும். கட்டுரைப் பயிற்சிக்கு ஆண்டுதோறும் 'நான் ஒரு வானொலிப் பெட்டி' என்று தற்கதை எழுதச் சொல்வதைவிட, மெய்யான பெட்டி ஒன்றின் பழுதை எழுதச் சொல்வது மாணவனின் மொழிக்கும் நன்று, அறிவுக்கும் நன்று.

தேயிலைத் தோட்டத்துத் தமிழன் பிறர் பருகக் கொழுந்து கிள்ளினான். பிறர் வகுத்த விலைக்குப் பொருள் வாங்கினான். பிறர் சொன்னபோது எறிந்தான். அவன் வீட்டுப் பெட்டியைப் பற்றியேனும் அவன் தானே முடிவு செய்யட்டும். பழுதான ஆம்ப்ளிஃபயர்கள் பல இன்றும் அலமாரிகளிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கின்றன. அவற்றுள் பல, சில வெள்ளி விலையுள்ள ஓர் உறுப்புக்காகவும், ஐந்து நிமிடச் சோதனை ஒன்றுக்காகவும் காத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றை அடுத்த சனிக்கிழமை பள்ளி மேசைக்குக் கொண்டுவருமாறு மாணவனிடம் சொல்லும் ஆசிரியர் யார்?